பொது நூலகத்தின் நூல் இருப்பை மதிப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு பொது நூலகத்தின் தரத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஓர் எண்: இருபதாயிரம் நூல்கள், ஐம்பதாயிரம் நூல்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. அவற்றில் எத்தனை உண்மையில் அடுக்கில் இருக்கின்றன, எத்தனை பிரித்துப் படிக்கும் நிலையில் இருக்கின்றன, எத்தனை இன்றைக்கும் சரியான தகவலைச் சொல்கின்றன, தேடி வந்தவர்களில் எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பதையெல்லாம் அந்த எண் மறைத்துவிடுகிறது.

நூலகர்கள், வாசகர் வட்டத்தினர், நூலகக் குழு உறுப்பினர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வகுத்தலும் சதவீதக் கணக்கும் தெரிந்தால் போதும். தேட வேண்டிய சான்றுகள் மூன்று வகை: அடுக்கில் இருப்பது, அடுக்கிலிருந்து இரவல் போவது, வாசகர் கேட்டும் கிடைக்காதது. முதல் இரண்டையும் எல்லோரும் எண்ணுகிறார்கள். மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு பொது நூலகத்தின் இருப்பு நல்லதா என்பதை அந்த மூன்றாவது சான்றுதான் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் படி: யாருக்கான நூலகம் என்று எழுதுங்கள்

எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது. மதிப்பீடு முழுவதும் இந்த இரண்டு விதிகளுக்கு இடையில்தான் நடக்கிறது. ஆகவே வாசகர் யார் என்று தெரியாமல் நூல்களைத் தொடாதீர்கள்.

நூலகம் சேவை செய்யும் பகுதியின் மக்கள்தொகை, வயதுப் பிரிவுகள், வீட்டில் பேசப்படும் மொழிகள், முக்கியத் தொழில்கள், பள்ளி, கல்லூரிகள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், புதிதாக எழுதப் படிக்கக் கற்ற பெரியவர்கள் ஆகிய விவரங்களை ஒரே பக்கத்தில் தொகுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் பதிவேடு இதற்குப் போதாது. அதில் இருப்பவர்கள் ஏற்கெனவே வருகிறவர்கள். மக்கள்தொகைக் கணக்கில் பெரிதாக இருந்து உறுப்பினர் பதிவேட்டில் சிறிதாக இருக்கும் பிரிவு எது என்று பாருங்கள். இருப்பின் குறை பெரும்பாலும் அந்தப் பிரிவுக்குரிய அடுக்குகளில்தான் இருக்கும். நூலகத்துக்கு எழுதப்பட்ட நூல் தேர்வுக் கொள்கை இருந்தால் இப்போதே படித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: மாதிரியைச் சரியாக எடுங்கள்

எல்லா நூல்களையும் ஒவ்வொன்றாக ஆராய வேண்டியதில்லை. பல்லாயிரம் நூல்கள் கொண்ட இருப்பிலிருந்து முறையாக எடுத்த ஏறத்தாழ 400 நூல்களின் மாதிரி போதும். அதில் கிடைக்கும் சதவீதம், முழு இருப்பையும் ஆராய்ந்தால் கிடைக்கக்கூடிய சதவீதத்திலிருந்து ஐந்து புள்ளிக்கு மேல் விலகாது என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நம்பலாம்.

எடுத்துக்காட்டாக ஒரு நூலகத்தை வைத்துக்கொள்வோம். அதில் 20,000 நூல்கள் இருக்கின்றன, அது சேவை செய்யும் மக்கள் 12,000 பேர். 20,000-ஐ 400-ஆல் வகுத்தால் 50. ஒன்றிலிருந்து ஐம்பதுக்குள் ஓர் எண்ணைக் குலுக்கிப் போட்டு எடுங்கள். 17 வந்தால் 17, 67, 117 என்று ஒவ்வோர் ஐம்பதாவது பதிவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறிப்பை, நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு நூலையும் வரிசை எண்ணிட்டுப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்தோ கணினிப் பட்டியலிலிருந்தோ எடுக்க வேண்டும், அடுக்கிலிருந்து எடுக்கக் கூடாது. அடுக்கில் நிற்பவை அன்றைக்கு யாரும் எடுத்துப் போகாத நூல்கள். மக்கள் விரும்பும் நூல்கள் அந்நேரம் யாருடைய வீட்டிலோ இருக்கும். அடுக்கிலிருந்து மாதிரி எடுத்தால் நூலகம் உள்ளதைவிட மோசமாகத் தெரியும். காணாமல் போன நூல்களோ கணக்கிலேயே வராது.

மூன்றாம் படி: அளவும் வளர்ச்சியும்

இஃப்லா என்ற பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் 2001-இல் வெளியிட்ட பொது நூலக வழிகாட்டுதல்கள் சில பொதுவான அளவுகளைத் தருகின்றன. நிலைபெற்ற நூலகத்தில் ஆளுக்கு 1.5 முதல் 2.5 நூல்கள் வரை இருக்க வேண்டும். மிகச் சிறிய கிளையிலும் 2,500 நூல்களுக்குக் குறையக் கூடாது. மக்கள்தொகை 25,000-க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆண்டுதோறும் ஆளுக்கு 0.25 நூல் புதிதாகச் சேர வேண்டும்.

நம் எடுத்துக்காட்டு நூலகத்தில் ஆளுக்கு 1.67 நூல்கள் வருகின்றன. காகிதத்தில் தேறிவிட்டது. ஆண்டுக்கு 3,000 புதிய நூல்கள் சேர வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளில் உண்மையில் எத்தனை சேர்ந்தன என்று ஆண்டுவாரியாக எழுதிப் பாருங்கள். ஒரே ஆண்டில் மொத்தமாக வாங்கிவிட்டு நான்கு ஆண்டுகள் சும்மா இருந்த நூலகமும், ஒவ்வோர் ஆண்டும் சீராக வாங்கிய நூலகமும் கூட்டுத்தொகையில் ஒன்றாகத் தெரியும். வாசகருக்கு அவை ஒன்றல்ல. வாங்கியது எவ்வளவு, நன்கொடையாக வந்தது எவ்வளவு என்றும் பிரித்து எழுதுங்கள்.

நான்காம் படி: நூல் இருக்கிறதா?

மாதிரிப் பட்டியலை எடுத்துக்கொண்டு அடுக்குகளுக்குப் போங்கள். ஒவ்வொரு நூலும் தன் இடத்தில் இருக்கிறதா, இரவலில் இருக்கிறதா, தவறான இடத்தில் இருக்கிறதா, காணவில்லையா என்று குறியுங்கள். பத்து ஆண்டுகளாக இரவலில் இருப்பதாகப் பதிவு சொல்லும் நூலைக் காணாமல் போனதாகவே கொள்ளுங்கள்.

பிறகு எதிர்த்திசையிலும் ஒரு சோதனை வேண்டும். அடுக்கிலிருந்து ஐம்பது நூல்களை ஆங்காங்கே எடுத்து, பட்டியலில் தேடுங்கள். நூல் இருந்தும் பட்டியலில் இல்லாவிட்டால், அல்லது ஆசிரியர் பெயர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் சிதறிக் கிடந்தால், தேடுபவருக்கு அந்த நூல் இல்லாததுதான்.

ஐந்தாம் படி: உடல்நிலை

மாதிரி நூல் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். பைண்டிங் உறுதியாக இருக்கிறதா, பக்கங்கள் விடுபட்டிருக்கின்றனவா, பூஞ்சையோ பூச்சி அரிப்போ ஈரக் கறையோ இருக்கிறதா, எழுத்தின் அளவு படிக்கத் தோதாக இருக்கிறதா என்று கவனியுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மரக்கூழிலிருந்து பெருவாரியாகத் தயாரிக்கப்பட்ட தாளில் அமிலத்தன்மை அதிகம். அதனால் அவை பழுப்பேறி நொறுங்குகின்றன. அத்தகைய நூலைப் பைண்டிங் செய்து காப்பாற்ற முடியாது. அரிய நூலாக இருந்தால் மின்னுருவாக்கத்துக்கு அனுப்புங்கள். சாதாரண நூலாக இருந்தால் புதுப்பதிப்பு வாங்குங்கள்.

நல்லது, பழுதுபார்க்கலாம், நீக்கலாம் என்ற மூன்று தரம் போதும். குழந்தைகள் பகுதியில் மட்டும் கண்ணை மாற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். அங்கே கசங்கிக் கிழிந்த நூல் விரும்பிப் படிக்கப்பட்ட நூல், அதற்கு உடனே மாற்றுப் பிரதி வாங்க வேண்டும். இருபது ஆண்டுகளாகியும் புதிதுபோல் பளபளக்கும் குழந்தை நூல்தான் கவலைக்குரியது.

ஆறாம் படி: வயது

துறைவாரியாகப் பதிப்பு ஆண்டுகளை எழுதி நடு எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதாவது, வரிசைப்படுத்திய ஆண்டுகளில் சரியாக நடுவில் வருவது. சராசரியைவிட இது நம்பகமானது, ஏனெனில் நூறாண்டுப் பழமையான இரண்டு நூல்கள் சராசரியைக் குலைத்துவிடும். மறுஅச்சு ஆண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். திருத்தப்படாத மறுஅச்சுக்கு முதல் பதிப்பின் வயதுதான்.

எல்லாத் துறையும் ஒரே வேகத்தில் முதுமையடைவதில்லை. இலக்கியம், தத்துவம், கலை ஆகியவற்றுக்கு வயது ஒரு குறையே அல்ல. கணினி, மருத்துவம், சட்டம், வரி, தேர்வு வழிகாட்டிகள் ஆகியவற்றுக்கு வயதுதான் முதல் குறை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில நூலகம் பரப்பிய க்ரூ என்ற முறை, துறைக்கு ஒரு சூத்திரம் தருகிறது. மருத்துவத்துக்கு 5/3 என்பது அதன் பரிந்துரை. பதிப்பாகி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகி, மூன்று ஆண்டுகளாக யாரும் எடுக்காதிருந்தால் அந்த நூலை மறுபரிசீலனைக்கு எடுக்க வேண்டும் என்று பொருள். இது நீக்கச் சொல்லும் ஆணையாகாது. நூலை அடுக்கிலிருந்து இறக்கி ஒருமுறை புரட்டிப் பார்க்கச் சொல்கிறது.

இப்போது நம் எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். 400 நூல்களில் 40 காணவில்லை, 80 நூல்கள் சிதைந்தோ காலாவதியாகியோ இருக்கின்றன என்று கொள்வோம். முப்பது சதவீதம் போய்விட்டது. 20,000 என்பது 14,000 ஆகிறது. ஆளுக்கு 1.67 என்பது 1.17 ஆகிறது. காகிதத்தில் தேறிய நூலகம் தேறவில்லை. ஆண்டறிக்கையில் போட வேண்டிய எண் இந்த 14,000-தான்.

ஏழாம் படி: உள்ளடக்கம்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். துறையறிவு உள்ள ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ அடுக்குக்கு ஒரு செவிலியர், அறிவியலுக்கு ஓர் ஆசிரியர், சட்டத்துக்கு ஒரு வழக்கறிஞர். ஒரு மாலைப்பொழுது அடுக்கின் முன் நின்று அவர்கள் சொல்வது எந்தப் புள்ளிவிவரத்திலும் கிடைக்காது.

அவர்கள் இல்லாத இடத்தில் உரைகல்லாகச் சில செய்திகளை வைத்துக்கொண்டு சோதிக்கலாம். வானியல் நூல் சூரியக் குடும்பத்தில் ஒன்பது கோள்கள் என்றால் அது 2006 ஆகஸ்டுக்கு முந்தையது. அந்த மாதத்தில்தான் புளூட்டோ கோள் என்ற தகுதியை இழந்தது. தனிம அட்டவணையின் ஏழாம் வரிசையில் தற்காலிகப் பெயர்கள் இருந்தால் அந்த வேதியியல் நூல் 2016-க்கு முந்தையது. ஆப்பிரிக்க வரைபடத்தில் தெற்கு சூடான் இல்லையென்றால் 2011 ஜூலைக்கு முந்தையது. கிலோகிராமுக்கு அடிப்படை ஓர் உலோக உருளை என்று சொல்லும் இயற்பியல் நூல், 2019 மே மாதத்தில் வந்த புதிய வரையறையை அறியாதது.

இவை தகவல் பிழைகள். இன்னொரு வகைப் பிழை உயிரோடு விளையாடுவது. வயிற்றுப் புண்ணுக்கு மன அழுத்தமும் காரமும்தான் காரணம் என்று சொல்லி, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் குறிப்பிடாத நூல், 2005-இல் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பை அறியாத நூல். கைக்குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்துத் தூங்கச் செய்யலாம் என்று சொல்லும் குழந்தை வளர்ப்பு நூல் இன்னும் ஆபத்தானது. திடீர்க் குழந்தை மரணங்களுக்கும் குப்புறப் படுக்கைக்கும் உள்ள தொடர்பு தெரிந்த பிறகு, 1990களின் தொடக்கம் முதல் குழந்தையை மல்லாந்து படுக்க வைக்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். பொது நூலக அடுக்கில் இருக்கும் நூலை நம்பி ஒரு தாய் எடுத்துப் போகிறார். இத்தகைய நூல் கண்ணில் பட்டால் அறிக்கை முடியும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே அடுக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். வேறு நூலகத்துக்கு நன்கொடையாகவும் அனுப்பாதீர்கள்.

அடுத்தது பட்டியல் ஒப்பீடு. நல்ல வாசகர்களும் துறை வல்லுநர்களும் பரிந்துரைத்த நூற்பட்டியலை எடுத்து, எத்தனை இங்கே இருக்கின்றன என்று சதவீதம் போடுவது பழைய, பயனுள்ள முறை. இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. எந்தப் பட்டியலைப் பார்த்து நூல் வாங்கினார்களோ அதே பட்டியலை வைத்து மதிப்பிட்டால் விடை நன்றாகத்தான் வரும், அதற்கு மதிப்பில்லை. பட்டியலில் உள்ள நூல் இல்லாவிட்டாலும் அதே பொருளில் அதே தரத்தில் வேறொரு நூல் இருக்கலாம். இல்லாத ஒவ்வொன்றுக்கும் ஈடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே குறை என்று எழுதுங்கள்.

பிறகு சமநிலை. கருத்து வேறுபாடு உள்ள ஐந்தாறு பொருள்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் எதிரெதிர்த் தரப்புகளின் நூல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அரசியல், சமயம், வரலாற்றுச் சர்ச்சைகள் ஆகியவற்றில் ஒரு தரப்பு மட்டும் அடுக்கை நிரப்பியிருந்தால், அது தற்செயலா தேர்வா என்பது வாசகருக்கு முக்கியமில்லை. அவருக்குக் கிடைப்பது ஒரு தரப்பு மட்டுமே. கடந்த மூன்று ஆண்டுகளில் வாங்கிய நூல்கள் எத்தனை பதிப்பகங்களிலிருந்து வந்தன, ஒரு நூலுக்கு எத்தனை பிரதிகள் என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று பதிப்பகங்களே பெரும்பகுதியை நிரப்பியிருந்தால் தேர்வு வாசகரைப் பார்த்து நடக்கவில்லை. பெண் எழுத்தாளர்கள், மொழிபெயர்ப்புகள், அந்தப் பகுதியின் சிறுபான்மை மொழி நூல்கள், பெரிய எழுத்து நூல்கள், ஒலிநூல்கள், புதிதாகப் படிக்கக் கற்ற பெரியவர்களுக்கான எளிய நூல்கள் ஆகியவற்றையும் தனித்தனியே எண்ணுங்கள். கடைசியாகச் சொன்னவை பெரும்பாலான நூலகங்களில் இல்லவே இல்லை. அந்த வாசகர்களைக் குழந்தை நூல்களிடம் அனுப்புவது அவர்களை அவமதிப்பது.

எட்டாம் படி: பயன்பாடு

ஓர் ஆண்டின் மொத்த இரவலை மொத்த நூல்களால் வகுத்தால் சுழற்சி விகிதம் கிடைக்கும். நம் நூலகத்தில் 40,000 இரவல் என்றால் விகிதம் 2. அதைவிடப் பயனுள்ளது துறைவாரி ஒப்பீடு. ஒரு துறை இரவலில் பெறும் பங்கை, இருப்பில் பெறும் பங்கால் வகுக்க வேண்டும். வரலாற்று நூல்கள் 2,400 என்றால் இருப்பில் 12%. இரவல் 2,000 என்றால் 5%. விகிதம் ஏறத்தாழ 0.42. குழந்தை நூல்கள் 3,000 என்றால் 15%. இரவல் 14,000 என்றால் 35%. விகிதம் 2.33. ஒன்றுக்கு மேல் போனால் தேவைக்கு இருப்பு போதவில்லை என்றும், ஒன்றுக்கு மிகவும் கீழே இருந்தால் அந்த அடுக்கைப் பார்க்க வேண்டும் என்றும் கொள்ளலாம்.

பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், குறைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வரலாற்று நூல்கள் போகாததற்கு அந்தப் பகுதியில் ஆர்வமின்மை காரணமாக இருக்கலாம். நாற்பதாண்டுப் பழைய பாடநூல்களே அங்கே நிற்பதும் காரணமாக இருக்கலாம். முதலாவதற்கு வாங்குவதைக் குறைக்கலாம், இரண்டாவதற்குப் புதிதாக வாங்க வேண்டும். எண் ஒன்றுதான், மருந்து நேரெதிர்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் 1969-இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40% அடுத்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று 1970களில் நடந்த ஆய்வு காட்டியது. அதன் மீது வந்த முக்கியமான எதிர்ப்பு, நூலகத்துக்குள்ளேயே படிக்கப்பட்ட நூல்களை அது போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்பது. பொது நூலகத்தில் உள்வாசிப்பு மிக அதிகம். படித்த நூல்களை அடுக்கில் திருப்பி வைக்காமல் மேசையிலேயே விட்டுவிடுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொண்டு, இரவு அடுக்கும் முன் எண்ணுங்கள். சில வாரங்கள் செய்தாலே போதும்.

ஒன்பதாம் படி: கிடைக்காமல் போனது

இரவல் பதிவு, கிடைத்ததை மட்டும் சொல்கிறது. கிடைக்காததைச் சொல்ல எந்தப் பதிவேடும் இல்லை. நீங்கள்தான் தொடங்க வேண்டும். நான்கு வாரங்களுக்கு, தேர்வுக் காலமும் சாதாரண நாள்களும் கலந்து வருமாறு, வெளியேறும் வாசகரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: தேடி வந்தது கிடைத்ததா? இல்லையென்றால் என்ன தேடினார் என்று எழுதிக்கொள்ளுங்கள். முகவரி, பெயர் எதுவும் வேண்டாம். மக்கள் கூச்சமின்றிப் பதில் சொல்வார்கள்.

ஒவ்வொரு தோல்விக்கும் காரணத்தை அன்றைக்கே கண்டுபிடியுங்கள். நூலகத்தில் அந்த நூலே இல்லை என்றால் வாங்க வேண்டும், அல்லது வேறு நூலகத்திலிருந்து இரவல் பெற்றுத் தர வேண்டும். இருக்கிறது ஆனால் வேறொருவரிடம் இருக்கிறது என்றால் கூடுதல் பிரதி வேண்டும், அல்லது இரவல் காலத்தைக் குறைக்க வேண்டும். இருக்கிறது ஆனால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அடுக்கும் முறையும் பட்டியலும் பழுது, அதற்குப் பணமே தேவையில்லை. தேடிய நூறு பேரில் 20 பேருக்கு நூல் இல்லை, 15 பேருக்கு அது வெளியே, 10 பேருக்கு அகப்படவில்லை என்றால், 55 பேர் மட்டுமே நிறைவோடு போயிருக்கிறார்கள். ஒரு நூலகத்தைப் பற்றி ஒரே ஓர் எண் சொல்லச் சொன்னால் நான் இந்த 55-ஐத்தான் சொல்வேன்.

கணினிப் பட்டியல் இருந்தால் விடை கிடைக்காத தேடல்களின் பதிவை எடுத்துப் பாருங்கள். வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் பொருள்கள், குறிப்பாக உடல்நலம், மணவாழ்க்கை, மனநலம், சட்டச் சிக்கல் ஆகியவை அங்கேதான் வெளிப்படும்.

பத்தாம் படி: நிலை குறித்து, முடிவெடுங்கள்

1980களில் அமெரிக்க ஆராய்ச்சி நூலகங்களிடையே பரவிய கான்ஸ்பெக்டஸ் முறை ஒவ்வொரு துறைக்கும் 0 முதல் 5 வரை நிலை தருகிறது. 0 என்றால் சேகரிப்பதில்லை, 1 குறைந்த அளவு, 2 அடிப்படைத் தகவல், 3 கற்றலுக்குப் போதுமானது, 4 ஆராய்ச்சி, 5 முழுமை. பொது நூலகத்துக்குப் பெரும்பாலான துறைகளில் 2 அல்லது 3 போதும். தன் பகுதியின் வரலாற்றில் மட்டும் 4 அல்லது 5-ஐ நோக்கிப் போக வேண்டும். அதை வேறு எந்த நூலகமும் அவர்களுக்காகச் செய்யாது. ஒவ்வொரு துறைக்கும் இன்றைய நிலை, அடைய வேண்டிய நிலை என்று இரண்டு எண்கள் எழுதுங்கள். இரண்டுக்கும் இடைவெளி அதிகமுள்ள துறைக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள்.

நூல் நீக்கத்துக்கு க்ரூ முறை ஆறு அளவுகோல்கள் தருகிறது: தவறான தகவல், சிதைந்த தோற்றம், புதிய பதிப்பால் காலாவதியானது, சாரமற்றது, இந்த நூலகத்தின் வாசகருக்குப் பொருந்தாதது, வேறிடத்தில் எளிதில் கிடைப்பது. முடிவை ஒருவர் தனியாக எடுக்கக் கூடாது. இரண்டு பேராவது நூலைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். உள்ளூர் ஆசிரியர்களின் நூல்கள், ஊர் வரலாறு, மறுபதிப்பு காணாதவை ஆகியவற்றை, வேறு எந்த நூலகத்திலாவது பிரதி இருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் வெளியேற்றாதீர்கள். நீக்கிய நூல்களின் பட்டியலைக் காரணத்தோடு பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். மறைத்துச் செய்தால் ஐயம்தான் வளரும்.

அறிக்கை பத்துப் பக்கத்துக்கு மேல் போனால் நிதி ஒதுக்குபவர்கள் படிக்க மாட்டார்கள். ஒவ்வொரு குறைக்கும் நேராகச் செய்ய வேண்டியது, ஆகும் செலவு, பொறுப்பாளர், முடிக்க வேண்டிய தேதி ஆகிய நான்கையும் எழுதுங்கள். மாதிரி எடுத்த முறையையும், கேள்வி கேட்ட வாரங்களையும் பின்னிணைப்பில் குறித்து வையுங்கள். மருத்துவம், கணினி, சட்டம், தேர்வு நூல்களை ஆண்டுதோறும், மற்றத் துறைகளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுற்றில் வைத்து மதிப்பிடலாம். அடுத்த முறையும் அதே மாதிரி அளவு, அதே பருவத்து வாரங்கள், அதே கேள்வி. அப்போதுதான் 55 என்பது 60 ஆனதா, 50 ஆனதா என்று தெரியும்.